குமரிக் கரையில் மூன்று நாள்: வட்டக்கோட்டை முதல் முட்டம் வரை முழுமையான வழிகாட்டி

இரவு ரயிலில் ஏறி விடியற்காலையில் இறங்குவார்கள். சூரிய உதயம், படகு, பாறை, வள்ளுவர் காலடியில் ஒரு படம், பிள்ளைகளுக்குப் பாசிமாலை, சாப்பாடு, அடுத்த வண்டி. மத்தியானம் 2 மணிக்குள் கன்னியாகுமரியைப் பார்த்து முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் நாகர்கோவில்காரன். வருகிற சொந்தக்காரர்களை இப்படிக் கூட்டிக்கொண்டு ஓடி ஓடிச் செருப்புத் தேய்ந்தவன். அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மாவட்டத்துக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. ஒரு பக்கம் அலை. திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை. இடையில் தென்னந்தோப்பும் வாழையும் குளமும். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் இது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர். அதனால் வீட்டுக் கூரையிலும் கோயில் முறையிலும் குழம்பிலும் இரண்டு நாட்டு வாடை அடிக்கும்.

இருப்பதையெல்லாம் பார்க்க மூன்று நாள் போதாது. ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போங்கள் என்பேன். யூஸ்டாச்சியஸ் டி லனாய் என்று பெயர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தக் கரையைப் பிடிக்க வந்து, 1741-இல் குளச்சலில் தோற்று, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டவர். பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, கோட்டைகள் கட்டி, 36 வருடம் இங்கேயே இருந்து, 1777-இல் இங்கேயே அடங்கினார். முதல் நாள் அவர் கட்டிய கோட்டை, இரண்டாம் நாள் அவர் கல்லறை, மூன்றாம் நாள் அவர் தோற்ற கடற்கரை. கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் சாலை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

கிளம்பும் முன்: மாதமும் கிழமையும்

தை, மாசி. கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். கார்த்திகையிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் சபரிமலை போகும்போதோ திரும்பும்போதோ குமரிக்கும் வந்துவிட்டுப் போவார்கள். கால் வைக்க இடமிருக்காது. ஜனவரி பாதிக்குமேல் அந்தக் கூட்டம் வடிந்துவிடும். வானம் துப்புரவாக இருக்கும், வெயிலும் கடிக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் இந்த மாதங்களில்தான் உதயம், மறைவு இரண்டுமே கடலில் நடக்கும். குமரி முனையிலிருந்து மேற்கே போகும் கரை கொஞ்சம் வடக்காக வளைந்து ஏறுகிறது. அதனால் வைகாசி, ஆனியில் சூரியன் வடமேற்கே, நிலத்தின் மேல்தான் மறையும். "கடலில் மறையும் என்றார்களே" என்று ஜூனில் வந்தவர்கள் ஏமாறுவது இதனால்தான். சித்திரா பௌர்ணமிக்கு மட்டும் ஒரு விசேஷம்: மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா ஏறும். அன்றைக்குக் கூட்டமும் ஏறும்.

ஆனி, ஆடியில் கடல் சீறும். பாறைக்குப் போகும் படகு பல நாள் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவத்திலும் மழை உண்டு. குளமெல்லாம் நிரம்பிப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மேகத்துக்குப் பின்னால் உதயத்தைத் தேட வேண்டியிருக்கும்.

கிழமை இன்னும் முக்கியம். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. ஒருமுறை சென்னையிலிருந்து வந்த அத்தை குடும்பத்தை வேன் பிடித்துக் கூட்டிப்போய், பூட்டிய வாசலைக் காட்டித் திருப்பிக் கூட்டிவந்தேன். "மருமகன் எனக்கு அரண்மனைக் கதவைக் காட்டினான்" என்று அத்தை இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் நாள் திங்களாக விழாதபடி டிக்கெட் எடுங்கள்.

எங்கே தங்குவது, எதில் சுற்றுவது

முதல் இரவு கன்னியாகுமரியில். மற்ற இரண்டும் நாகர்கோவிலில். கன்னியாகுமரியில் தங்கினால் உதயத்துக்கு நடந்தே போகலாம். அதற்குமேல் அங்கே தங்க வேண்டியதில்லை. 20 கிலோமீட்டரில் இருக்கும் நாகர்கோவிலிலிருந்து மாவட்டத்தின் எல்லாப் பக்கமும் பஸ் உண்டு. வெளியூர் பஸ்களுக்கு வடசேரி, உள்ளூர் பஸ்களுக்கு மீனாட்சிபுரம் அண்ணா பஸ் நிலையம். விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம்; அங்கிருந்து குமரி முனைக்கு 90 கிலோமீட்டர் அளவில் வரும்.

முதல் இரண்டு நாளைப் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் சமாளித்துவிடலாம். மூன்றாம் நாள் கடற்கரைச் சாலைக்குக் கார் அல்லது இருசக்கர வண்டி வேண்டும். பஸ் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் இறங்கி அடுத்த பஸ்ஸுக்காக நின்றால் பொழுது போய்விடும்.

முதல் நாள்: முனையும் வட்டக்கோட்டையும்

டிசம்பர், ஜனவரியில் சூரியன் ஆறரை, ஆறே முக்காலுக்கு எழும். ஜூனில் ஆறு மணி தாண்டியதும். அரைமணி முன்னால் போய்விடுங்கள். எல்லோரும் முக்கடல் சங்கமத்தில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். நான் அங்கே நிற்பதில்லை. வடகிழக்கே வாவத்துறைப் பக்கம் நடந்துவிடுவேன். இரவு போன படகுகள் அந்த நேரத்தில் கரைக்கு வந்துகொண்டிருக்கும். ஒருவர் வலையை உதறுவார், இன்னொருவர் கூடையை நீட்டுவார், ஏலம் பாதிச் சைகையிலேயே முடிந்துவிடும். சூரியன் வந்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில் நெத்திலியின் வெள்ளி மின்னுவதைப் பார்த்துவிட்டால் கேமராவைக் கடல் பக்கம் திருப்ப மறந்துவிடுவீர்கள்.

மூன்று கடலும் மூன்று நிறத்தில் தெரியும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு ஐம்பது வயதாகிறது, இதுவரை தெரிந்ததில்லை. மணல்தான் நிஜமாகவே நிறம் மாறும். கையில் அள்ளிப் பாருங்கள்: கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். ஊர்க்கதை வேறு சொல்லும். சுசீந்திரத்து ஈசனுக்கும் குமரிப் பெண்ணுக்கும் நள்ளிரவில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வந்துகொண்டிருக்கும்போது நாரதர் சேவலாகக் கூவ, விடிந்துவிட்டது என்று நினைத்து மாப்பிள்ளை திரும்பிவிட்டார். பந்திக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் கொட்டிக் கிடந்து மணலாயிற்று. அம்மன் கன்னியாகவே நின்றுவிட்டாள்.

படகு காலை 8 மணிக்கு ஆரம்பம், மாலை 4 வரை. விடுமுறை நாளில் ஏழேகாலுக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். 9 மணிக்குப் போனால் வெயிலில் இரண்டு மணி நேரம் போய்விடும். உயிர்காப்பு உடுப்பு கொடுப்பார்கள், நனைந்திருந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். காற்று எழுந்தாலும் கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலும் சேவை நின்றுவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் தாழ்வது வழக்கம். அதனால் படகைப் பிற்பகலுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

விவேகானந்தர் 1892 டிசம்பர் 25, 26, 27 மூன்று நாளும் தவமிருந்த பாறை இது. மண்டபம் 1970-இல் திறக்கப்பட்டது. தியான அறையில் போய் ஐந்து நிமிடம் உட்காருங்கள். காற்றும் அலையும் வெளியில் இரைய, உள்ளே இருட்டும் அமைதியும் இருக்கும். அங்கிருந்து வள்ளுவர் சிலைக்கு இப்போது படகு வேண்டாம். 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம், நடந்தே போகலாம். காலடியில் அலை புரள்வது கண்ணாடி வழியே தெரியும். உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள் ஓரமாக நடக்கலாம்.

சிலையின் அளவில் ஒரு கணக்கு இருக்கிறது, பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரம். சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து 95 அதிகாரம். மொத்தம் 133. கணபதி ஸ்தபதியின் வேலை. 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். ஐந்தாவது வருடம் முடிவதற்குள் ஆழிப்பேரலை வந்து மோதியது, கல் அசையவில்லை.

திரும்பி வந்ததும் பகவதி அம்மன் கோயில். மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதின, அதனால்தான் கிழக்கு வாசலை அடைத்துவிட்டார்கள் என்பது கதை. வருடத்தில் சில விசேஷ நாட்களில் மட்டும் அந்த வாசல் திறக்கும். ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கிரேக்க மாலுமிக் குறிப்பு ஒன்றும், குமரியில் நீராடி விரதம் காக்க வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறது. கூட்டம் இன்று நேற்று வந்ததில்லை.

வெளியே வந்ததும் காந்தி மண்டபம். காந்தியின் அஸ்தி கடலில் கரைக்கப்படுமுன் வைக்கப்பட்டிருந்த இடம். அக்டோபர் 2 அன்று நண்பகலில் அந்த இடத்தில் வெயில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். மற்ற நாளில் பத்து நிமிடம் போதும். மெழுகுப் பொம்மை, மீன்காட்சி வகையறாக்களை நான் தவிர்த்துவிடுவேன். அலங்கார உபகார மாதா தேவாலயத்துக்கு மட்டும் ஒரு எட்டு போய்வாருங்கள். மீனவர் தெருக்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கும்.

சாப்பிட்டு ஒரு தூக்கம். மூன்றரைக்குக் கிளம்பினால் வட்டக்கோட்டை 7 கிலோமீட்டர்தான். பெயர் வட்டம், கோட்டை சதுரம் மாதிரி; அதை யாரும் கேட்பதில்லை. டி லனாய் மேற்பார்வையில் கருங்கல்லால் எழுப்பிய கடலோரக் காவல் கோட்டை இது. பழைய பாண்டியர் மீன் சின்னம் செதுக்கிய கல்லையும் காவலாளியிடம் கேட்டால் காட்டுவார். யானையோ குதிரையோ ஏறும்படி சாய்தளமாகத்தான் மேலே வழி. ஏறி நில்லுங்கள். ஒரு கைப்பக்கம் கடல், கோட்டையின் அடியிலேயே கறுப்பு மணல். மறு கைப்பக்கம் தென்னை, அதற்குமேல் நீல மலைத்தொடர், நடுவே சுழலும் காற்றாலைகள். இந்தியாவின் தென்கோடி எப்படி முடிகிறது என்பது குமரி முனையில் புரியாது. இந்தச் சுவரின் மேல் நின்றால்தான் மலையும் கடலும் ஒன்றையொன்று நெருங்கி வருவது கண்ணுக்குத் தெரியும்.

ஐந்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். கோட்டை கிழக்கு பார்த்தது, மறைவு தெரியாது. குமரிக்கு மேற்கே இருக்கும் கோவளம் கிராமத்துக் கரைக்கு ஆட்டோ பிடித்தால் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். கேரளத்துக் கோவளம் வேறு; ஆட்டோக்காரரிடம் சொன்னால் சிரிக்கமாட்டார், ஆனால் கைபேசி வழிகாட்டியில் தவறாகப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் நாள்: சுசீந்திரம், கொட்டாரம், கல்லறை

காலை ஏழுக்கெல்லாம் சுசீந்திரத்தில் இருங்கள். ஏழு நிலைக் கோபுரம், 134 அடி. தெப்பக்குளக் கரையில் நின்றால் அதன் பிம்பம் முழுசாகத் தண்ணீரில் விழும். ஸ்தாணு சிவன், மால் திருமால், அயன் பிரம்மா. மூவரும் ஒரே பெயரில் தாணுமாலயன். இங்கேயும் ஆண்களுக்கு மேல்சட்டை கிடையாது. 18 அடி ஆஞ்சநேயரையும் இசைத்தூண்களையும் எல்லோரும் காட்டுவார்கள். அதிகம் பேசப்படாத ஒன்று, இந்தக் கோயிலில் நடந்த 'கைமுக்கு'. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை விட்டு, உள்ளே கிடப்பதை எடுக்க வேண்டும். கை வெந்தால் குற்றவாளி. 19-ஆம் நூற்றாண்டில் நிறுத்தினார்கள். பிராகாரத்தின் அந்த நீளமான கல் வரிசையில் தனியே நடக்கும்போது இது ஞாபகம் வந்தால் அலங்காரத் தூண்களெல்லாம் வேறு மாதிரித் தெரியும்.

அங்கிருந்து நாகர்கோவில் வழியாகத் தக்கலை. பத்மநாபபுரம் அரண்மனையை எங்கள் பக்கம் 'கொட்டாரம்' என்றுதான் சொல்வோம். காலை 9 முதல் 1 வரை, பிறகு 2 முதல் நாலரை வரை. பத்து மணிக்கு உள்ளே போய்விடுங்கள், இரண்டு மணி நேரமாவது வேண்டும். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் நிர்வாகம் கேரள அரசுடையது. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூரின் ராஜ்யபாரம் இங்கேதான் நடந்தது. ஊரின் பழைய பெயர் கல்குளம். மார்த்தாண்ட வர்மா காலத்தில்தான் பத்மநாபபுரம் ஆயிற்று.

செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போவீர்கள். அதுவும் நல்லதுக்குத்தான். இந்த அரண்மனையைக் காலால் பார்க்க வேண்டும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்த கறுப்புத் தரை, சிமெண்டும் இல்லை கல்லும் இல்லை. கோடையிலும் உள்ளங்காலில் சில்லென்று ஏறும். குனிந்தால் முகம் தெரியும். பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், தலையை உயர்த்துங்கள்: மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது என்பார்கள். நான் ஒருமுறை எண்ண ஆரம்பித்து முப்பதில் கழுத்து வலித்து விட்டுவிட்டேன். மாடியில் மந்திரசாலை. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் மைக்காத் தகடு. வெயில் நிறம் மாறி, சூடு குறைந்து, தரையில் கட்டம் கட்டமாக விழும். ராஜா உட்கார்ந்து ஆலோசனை கேட்ட அறை என்று சொன்னால் சின்னதாக இருக்கிறதே என்று தோன்றும். அந்தச் சின்னதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. பெரிய பெரிய தூண் போட்டு மிரட்டுகிற அரண்மனை இல்லை. வசதியான ஒரு தறவாட்டு வீடு, அதாவது கூட்டுக் குடும்பத்துப் பூர்வீக வீடு, வளர்ந்துகொண்டே போனதுபோல் இருக்கும்.

அதற்குள் மிகப் பழையது தாய்க்கொட்டாரம். அங்கே ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண் இருக்கிறது, தொட்டுப்பார்க்க விடமாட்டார்கள். ஊட்டுப்புரையில் ஆயிரம் பேருக்குமேல் பந்தியில் உட்காரலாம். ஊறுகாய் வைத்த பெரிய சீனச் சாடிகள் மூலையில் நிற்கும். அப்புறம் படங்கள் வைத்திருக்கும் பக்கம் வரும்போது அவசரப்படாதீர்கள். தோற்ற டி லனாய், மார்த்தாண்ட வர்மாவின் முன் சரணடையும் ஓவியம் அங்கே இருக்கிறது.

நவராத்திரிக்குச் சற்று முன்னால் வருகிறவர்களுக்கு ஒரு யோகம். அரண்மனைச் சரஸ்வதி யானை மேல் ஏறி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் கூடவர, திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போவார்கள். ராஜாவின் உடைவாள் முன்னே போகும். கம்பர் பூஜித்த சரஸ்வதி இது என்பது இங்குள்ள நம்பிக்கை. தலைநகர் மாறி இரண்டு நூற்றாண்டு தாண்டியும் சாமிக்கு மட்டும் வருடா வருடம் போக்குவரத்து உண்டு.

மதியச் சாப்பாட்டைத் தக்கலையிலோ நாகர்கோவிலிலோ வைத்துக்கொள்ளுங்கள். சம்பா அரிசிச் சோறு, தீயல், அவியல், இஞ்சிக் கறி. மீன் சாப்பிடுகிறவர்கள் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கேளுங்கள். தேங்காய் அரைத்த கறி, வஞ்சிரத்தை இங்கே நெய்மீன் என்பார்கள், மத்தியைச் சாளை. கடை வாசலில் குலை குலையாகத் தொங்கும் சின்ன மட்டிப்பழத்தை விட்டுவிடாதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பழம். மெல்லிய தோல், வாசனை தூக்கும், ஆனால் பயணத்தில் நசுங்கிவிடும். வாங்கிய இடத்திலேயே தின்றுவிடுவதுதான் மரியாதை.

உதயகிரிக் கோட்டை புலியூர்க்குறிச்சியில், தக்கலைக்கு முன்னால் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. இப்போது உள்ளே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான், மயில், பிள்ளைகளுக்கு ஊஞ்சல். எல்லோரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். நீங்கள் கொஞ்சம் நடந்து உள்ளே போங்கள். கூரை போன ஒரு பழைய தேவாலயம், சுவர் மட்டும். தரையில் டி லனாயின் கல்லறை. பக்கத்திலேயே மனைவியும் மகனும். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். பீரங்கி வார்க்கும் பட்டறை இதே கோட்டைக்குள் இருந்தது. ஜனங்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்றார்கள், பெரிய கேப்டன். கைதியாகக் கொண்டுவந்த ஆளுக்குக் கிடைத்த பட்டம். அவரிடமிருந்து கிறிஸ்தவத்தைத் தெரிந்துகொண்ட அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை மதம் மாறித் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் புனிதர் பட்டம் பெற்றார். நேரமிருந்தால் கோட்டாறு சவேரியார் தேவாலயத்தில் அவர் கல்லறையையும் பார்க்கலாம்.

மாலையைச் சொத்தவிளைக்கு ஒதுக்குங்கள். நீளமான மணல் கரை, குமரி முனையின் சந்தடி இல்லை. போகும் வழியில் மணக்குடியில் வண்டியை நிறுத்திப் பழையாறு கடலில் கலப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம். அங்கே கொஞ்சம் அலையாத்தி மரங்கள் உண்டு, கொக்கும் நாரையும் வரும். 2004 அலையில் இந்தக் கழிமுகத்துப் பாலமே பெயர்ந்துபோனது. இப்போதிருப்பது பின்னால் கட்டியது.

கடலில் கால் வைக்கும் முன்

இதை மட்டும் தாண்டிப் போகாமல் படியுங்கள். எங்கள் கரையில் 'கள்ளக்கடல்' என்று ஒன்று உண்டு. காற்று இருக்காது, மழை இருக்காது, கடல் சாதுவாக இருக்கும். திடீரென்று அலை பெருத்துக் கரையேறும். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதுதான் அது. திருடன் மாதிரி வருவதால் மீனவர் வைத்த பெயர். இப்போது அறிவியலிலும் அந்தப் பெயர்தான். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தது அப்படியொரு எச்சரிக்கை இருந்த நாட்களில்தான்.

செய்ய வேண்டியது எளிது. அன்றைய கடல் எச்சரிக்கையைக் கைபேசியில் பாருங்கள். பிறகு கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரிடமாவது கேளுங்கள். ஒருமுறை சொத்தவிளையில் காலை நனைக்கப் போன என்னை ஒரு பெரியவர் தலை நிமிராமலே தடுத்தார்: "மக்கா, இன்னைக்குக் கடலு சரியில்ல. மேல நின்னு பாரு." எனக்குக் கடலில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அரைமணி கழித்து நான் செருப்பை விட்டிருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. பாறைக் கரைகளில், முக்கியமாக முட்டத்தில், ஈரமாக இருக்கும் பாறையில் ஏறவே வேண்டாம். ஈரம் இருந்தால் அலை அங்குவரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம் நாள்: மேற்கே போய்த் திரும்புவது

காலையில் நேராக மேற்கே கடைசிவரை போய்விட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கிழக்கே திரும்புங்கள். போகும்போது வெயில் முதுகில் இருக்கும்; மாலையில் முட்டத்தில் வந்து முடிக்கலாம்.

முதலில் தேங்காய்ப்பட்டணம். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இடம். நெல்லைத் தாமிரபரணி வேறு, இது வேறு. ஆற்றின் பச்சையும் கடலின் நீலமும் ஒரு மணல் திட்டின் இருபுறமும் நிற்கும். அரபு வணிகர் வந்துபோன பழைய துறை. இங்குள்ள பள்ளிவாசலை, இஸ்லாத்தைப் பரப்ப வந்த மாலிக் இப்னு தீனார் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். வழியில் பாசி மூடிக் கிடக்கும் ஒரு கால்வாயைப் பார்ப்பீர்கள். அதுதான் ஏ.வி.எம். கால்வாய்: அனந்தபத்மநாபன், விக்டோரியா, மார்த்தாண்டன். திருவனந்தபுரத்திலிருந்து குமரிவரை படகிலேயே வரலாம் என்று 1860-களில் வெட்டத் தொடங்கி, குமரியை எட்டாமலே நின்றுபோனது.

அடுத்து குளச்சல். 1741 ஆகஸ்ட் 10 அன்று நடந்த சண்டையின் நினைவாக ஒரு வெற்றித்தூண் நிற்கிறது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய டச்சுக்காரர்கள், கல்குளத்தைப் பிடிக்கும் எண்ணத்தோடு உள்ளேவரை போனார்கள். கடைசியில் இந்தக் கரையிலேயே முற்றுகைக்குள் சிக்கினார்கள். கரையிலிருந்த முக்குவ மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கி மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையாக நின்று, ராஜாவின் படை பெரிதென்று காட்டினார்கள் என்றொரு கதை ஊரில் உண்டு. நடந்ததோ இல்லையோ, கடலைப் பார்த்து நின்று கேட்கும்போது நம்பத் தோன்றும். தூணைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். இரண்டு நாளாகத் தொடர்ந்து வந்த மனிதரின் கதை இந்த மணலில்தான் தொடங்கியது என்பது தெரியாமல் வந்தால், அது ஒரு தூண் மட்டும்தான். 2004 டிசம்பர் 26-இல் மாவட்டத்திலேயே கடுமையாக அடிபட்ட இடங்களில் குளச்சலும் ஒன்று. இறந்தவர்களின் நினைவிடம் இருக்கிறது, சத்தமில்லாமல் போய்வாருங்கள். மீன்பிடித் துறைமுகத்தில் ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மண்டைக்காடு பகவதி கோயிலில் மூலவர் ஒரு புற்று. 15 அடி உயரம் வளர்ந்து நிற்கிறது. பெண்களின் சபரிமலை என்பார்கள். மாசிக்கொடைத் திருவிழாவுக்கு வந்து மாட்டிக்கொண்டால் அன்றைய திட்டத்தை மறந்துவிட்டு, பொங்கல் வைக்கும் அக்காமாரோடு உட்கார்ந்துவிடுவது நல்லது. அதைத் தாண்டினால் மணவாளக்குறிச்சி. முதல் நாள் கையில் அள்ளிய அதே கனிம மணலைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசு ஆலை அங்கேதான் இருக்கிறது. நிற்க வேண்டியதில்லை. சாலையோரம் அக்கானி கிடைத்தால் மட்டும் நிறுத்துங்கள். பதநீரைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். மதியத்துக்குமேல் புளித்துவிடும், வாங்கியதும் குடித்துவிடுங்கள்.

நாலரைக்கு முட்டம். முதலில் கடலுக்குப் போகாமல் செம்மண் மேட்டுக்குப் போங்கள். மழை அரித்து அரித்து மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் சிவப்புத் தேரி. சாயங்கால வெயிலில் செங்கல் சூளைக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். 80-களில் தமிழ் சினிமாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்தது சும்மா இல்லை. அப்புறம் பாறைகள். யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியது மாதிரி யானை யானையாகக் கிடக்கும். காய்ந்த பாறையாகப் பார்த்து, கொஞ்சம் உயரத்தில் உட்காருங்கள். சுக்குக் காப்பிக்காரர் எப்படியும் வந்துவிடுவார்.

சூரியன் இறங்கியதும் எழுந்துவிடாதீர்கள், எல்லோரும் அந்த அவசரத்தைத்தான் படுவார்கள். பத்து நிமிடம் பொறுத்தால் பின்னால் கலங்கரை விளக்கம் எரிய ஆரம்பிக்கும். முன்னால் கடலில் ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாத அளவுக்குப் படகு விளக்குகள். வண்டியை எடுக்கச் செம்மண் மேட்டைச் சுற்றி மெயின் ரோட்டுக்கு நடக்க வேண்டும். கைபேசியில் வெளிச்சம் போட்டுக்கொள்ளுங்கள், வழியில் குழி உண்டு.